நாவலுக்குப் பின் நாவல் இல்லை: இந்தச் சுற்றில் வாசித்தவை

வாசிப்பில் ஒரு சின்ன ஒழுங்கை வைத்துப் பார்க்கலாம் என்று தொடங்கினேன். ஒரு நாவல் முடிந்தால் அடுத்த புத்தகம் நாவலாக இருக்கக் கூடாது. தன்வரலாறு, பயணநூல், இயற்கைக் கட்டுரை, நாட்குறிப்பு என்று வேறு எதுவாகவும் இருக்கலாம். அது முடிந்ததும் மறுபடி ஒரு நாவல். புத்தகத்தின் கடைசி வெற்றுத்தாளில் பென்சிலால் பக்க எண்ணும் இரண்டு மூன்று சொற்களும் எழுதிவைத்துக்கொள்வது என் வழக்கம். இந்தச் சுற்றில் சேர்ந்த அந்தக் குறிப்புகளை ஒருசேரப் புரட்டியபோது, எல்லா வகைப் புத்தகங்களிலும் நான் நின்று வாசித்த இடங்கள் ஒரே மாதிரி இருந்தன. யாரோ ஒருவர் ஒரு வேலையை எப்படிச் செய்கிறார் என்று எழுத்தாளர் கிட்டே போய்ப் பார்த்த இடங்கள் அவை. அதையொட்டியே இந்தப் பதிவு.

தொடக்கம் சோ. தர்மனின் 'சூல்'. 2016இல் வந்து, 2019இல் சாகித்ய அகாதெமி விருது பெற்ற நாவல். எட்டயபுரம் பக்கத்து உருளைக்குடியும் அதன் கண்மாயும்தான் கதை. தனியாகக் கதாநாயகன் என்று யாரும் கிடையாது, கண்மாய்தான் எல்லாம். கோடையில் கண்மாயின் வண்டல் மண்ணான கரம்பையை அள்ளி வண்டி வண்டியாக நிலத்துக்குக் கொண்டுபோகிறார்கள். தண்ணீர் திறந்துவிடும் மடை, மிகுந்த நீர் வழியும் கலுங்கு, கரை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு முறையும் ஒரு பொறுப்பாளியும் இருக்கிறார்கள். தண்ணீரைப் பங்கிட்டு விடும் நீர்ப்பாய்ச்சிக்கு ஊரில் இருக்கும் மதிப்பு, அவர் சொல்லை மீறாத சம்சாரிகள் என்ற விவசாயிகள், கண்மாயோடு ஒட்டிப் பிறந்த சாமிகள், சாபங்கள். கரிசல்காட்டில் மழை எப்போதாவதுதான் வரும், வந்த தண்ணீரை வைத்துக் காப்பாற்றுவதுதான் அங்கே வாழ்க்கை என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்லாமலே நாவல் சொல்லிவிடுகிறது. சுதந்திரத்துக்குப் பின் கண்மாய் ஊர்க்கையை விட்டு அரசாங்கக் கைக்குப் போகும் பகுதியில் மட்டும் ஆசிரியரின் கோபம் கொஞ்சம் முன்னால் வந்து நிற்கிறது. அந்தக் கோபம் எனக்கும் உண்டு. ஆனாலும் முதல் பாதியில் மனிதர்கள் பேசிக்கொள்ளும் சுகம் பின்பாதியில் குறைகிறது.

அடுத்தது உ.வே. சாமிநாதையரின் 'என் சரித்திரம்'. பெரிய புத்தகம், பள்ளிக்கூடத்தில் பெயர் மட்டும் கேட்டுவிட்டுப் பலரும் தள்ளிவைக்கும் புத்தகம். தள்ளிவைக்காதீர்கள். இந்தச் சுற்றின் மிகப் பெரிய மகிழ்ச்சி எனக்கு இதில்தான் கிடைத்தது. 1940இல் ஆனந்த விகடனில் தொடராக எழுதத் தொடங்கியவர் 1942இல் மறைந்தார், கதை பாதியில் நிற்கிறது. முடிவு இல்லையே என்ற குறை வாசிக்கும்போது ஓரிடத்திலும் தோன்றவில்லை.

முதல் பாதி முழுக்க ஒரு பையன் பாடம் கேட்க அலையும் கதை. உத்தமதானபுரத்துக்காரர், 1855இல் பிறந்தவர். தமிழ் சொல்லித்தர ஆள் எங்கே என்று அப்பா ஊர் ஊராகக் கூட்டிக்கொண்டு போகிறார். கடைசியில் மாயூரத்தில், இன்றைய மயிலாடுதுறையில், மகாவித்வான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை. பிள்ளையவர்கள் தலபுராணப் பாடல்களை வாயால் சொல்லிக்கொண்டே போக, மாணவர் ஏட்டில் எழுதிக்கொண்டே வரும் காட்சிகளை எத்தனை முறை வாசித்தாலும் அலுக்கவில்லை. அதே மாயூரத்தில் கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் சங்கீதமும் கற்கத் தொடங்குகிறார் பையன். பிள்ளையவர்களுக்கு அதில் விருப்பமில்லை என்று தெரிந்ததும் விட்டுவிடுகிறார். அந்த இழப்பை எழுபது ஆண்டுகள் கழித்து எழுதும்போதும் யாரையும் குறை சொல்லாமல் எழுதுகிறார். 1876இல் பிள்ளையவர்கள் மறையும் இடத்தில் அவரைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருப்பவர் சவேரிநாத பிள்ளை என்ற கிறிஸ்தவ மாணவர். பக்கத்தில் திருவாசகம் வாசிப்பவர் சாமிநாதையர். அதற்குமேல் அன்று என்னால் வாசிக்க முடியவில்லை.

இரண்டாம் பாதி வேறு மாதிரி. 1880இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியர் ஆகிறார். அதே ஆண்டு அக்டோபரில் ஊருக்கு முன்சீபாக வந்த சேலம் இராமசாமி முதலியாரைப் போய்ப் பார்க்கிறார். என்ன படித்திருக்கிறீர்கள் என்று அவர் கேட்க, இவர் அந்தாதி, பிள்ளைத்தமிழ், உலா, கோவை என்று அடுக்குகிறார். கேட்பவர் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. சீவக சிந்தாமணி படித்ததுண்டா, சிலப்பதிகாரம், மணிமேகலை படித்ததுண்டா என்று திருப்பிக் கேட்கிறார். தமிழாசிரியர் அந்த நூல்களைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை! அங்கிருந்து கதை துப்பறியும் நாவல் போல ஓடுகிறது.

சிந்தாமணி சமண காப்பியம், சமணரின் வழக்கங்கள் தெரியாமல் உரை விளங்காது. கும்பகோணத்திலேயே சமணர்கள் இருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு அவர்களில் ஒருவர் வீட்டுக்குப் போகிறார். வீடு தோரணமும் கோலமுமாக இருக்கிறது. என்ன விசேஷம் என்று விசாரித்தால், ஆறு மாதமாக வாசித்துவந்த சிந்தாமணி அன்றைக்குப் பூர்த்தியாகிறது! அச்சில் முழுமையாக வராத, தமிழாசிரியர்களே அறியாத ஒரு நூல், நாலு தெரு தள்ளி ஒரு வீட்டில் ஆண்டாண்டாக உயிரோடு இருந்திருக்கிறது. புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வீட்டில் எல்லோரிடமும் இதைச் சொன்னேன்.

ஏடு பார்க்கும் வேலையை அவர் சொல்லும் விதம் தனி. ஏட்டில் மெய்யெழுத்துக்குப் புள்ளி கிடையாது. காலுக்கும் ரகரத்துக்கும் வித்தியாசம் தெரியாது. எங்கே மூலம் முடிகிறது, எங்கே உரை தொடங்குகிறது என்று அடையாளம் இருக்காது. சிந்தாமணிக்கு உரை எழுதிய நச்சினார்க்கினியர் தன் உரையில் பழைய பாட்டு வரிகளை எடுத்துக் காட்டுவார், அது எந்த நூல் என்று பெரும்பாலும் சொல்லமாட்டார். அந்த வரிகள் எங்கிருந்து வந்தன என்று தேடிப் போனதில்தான் பத்துப்பாட்டும் மற்றவையும் அவர் கைக்குள் வந்தன. 1887இல் சிந்தாமணி, 1889இல் பத்துப்பாட்டு, 1892இல் சிலப்பதிகாரம், 1894இல் புறநானூறு, 1898இல் மணிமேகலை. பாடப்புத்தகத்தில் பட்டியலாகப் பார்த்த ஆண்டுகள் இவை. ஒவ்வொன்றுக்கும் பின்னால் எத்தனை ஊர், எத்தனை ஏடு, எத்தனை கடன், எத்தனை புரூஃப் என்று தெரிந்தபின் அந்தப் பட்டியலை முன்போல் கடந்துபோக முடியவில்லை. 'என் சரித்திரம்' இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. முதல் சில அத்தியாயங்களில் முன்னோர் கதை நீளமாக இருக்கிறதே என்று தோன்றினால், நேராக மாயூரம் போய்ச் சேருங்கள். முன்பகுதியை அப்புறம் வாசிக்கலாம், கெட்டுப்போகாது.

பிறகு அசோகமித்திரனின் 'கரைந்த நிழல்கள்'. தமிழில் சினிமா பற்றிய நாவல் என்றால் எனக்கு இதுதான் முதலில் நினைவுக்கு வரும். ஜெமினி ஸ்டூடியோவில் வேலை பார்த்தவர் எழுதியது. ஆனால் நட்சத்திரங்களின் ரகசியம் தேடி இதைத் திறப்பவர் ஏமாந்துபோவார். வெளிப்புறப் படப்பிடிப்புக்கு ஆட்களையும் வண்டிகளையும் திரட்ட விடிவதற்குள் ஓடும் புரொடக்‌ஷன் மேனேஜர் நடராஜன், பணத்தைக் கொட்டிவிட்டு நடிகைக்காகக் காத்துக் கிடக்கும் ரெட்டியார், சம்பளம் வருமா வராதா என்று தெரியாமல் சுற்றிவரும் உதவியாளர்கள். படம் பாதியில் நிற்கிறது. ஒரு படம் நின்றால் யார் யாருடைய வீட்டில் அடுப்பு அணைகிறது என்பதுதான் நாவல். ஒவ்வொரு அத்தியாயமும் வேறொருவரைப் பின்தொடர்கிறது, முன்பு பார்த்தவருக்கு என்ன ஆயிற்று என்பது வேறு யாரோ போகிறபோக்கில் சொல்லும் ஒரு வரியில் தெரியவருகிறது. நடராஜனுக்கு ஆனது அப்படித்தான் எனக்குத் தெரிந்தது. அவ்வளவு பெரிய அடியை இவ்வளவு தாழ்ந்த குரலில் சொல்ல அசோகமித்திரனால்தான் முடியும்.

இதற்குப் பின் பயணநூல். சிட்டியும் தி. ஜானகிராமனும் சேர்ந்து எழுதிய 'நடந்தாய் வாழி காவேரி', 1971இல் வந்தது. தலைக்காவேரியிலிருந்து பூம்புகார் வரை ஆற்றோடு போகும் புத்தகம். பக்கத்தில் வரைபடத்தை விரித்துவைத்துக்கொண்டு வாசித்தேன், அப்படித்தான் வாசிக்க வேண்டும் என்றும் சொல்வேன். சிவசமுத்திரம், மேகதாட்டு, ஒகேனக்கல் வரை ஆறு பாறையில் மோதி வருகிறது, எழுத்தும் அந்த வேகத்தில் வருகிறது. சமவெளிக்கு வந்தபின் கோயில் வரலாறும் கல்வெட்டுச் செய்தியும் கூடிவிடுகின்றன, சில இடங்களில் கொஞ்சம் தாண்டினேன். ஆனால் ஜானகிராமன் ஆற்றைப் பார்த்து நிற்கும் இடங்களைத் தாண்ட முடியாது. 'என் சரித்திரம்' முடித்த சூட்டில் இதை வாசித்ததால் கும்பகோணமும் மாயூரமும் எனக்கு ஏற்கெனவே போய்வந்த ஊர்களாக இருந்தன. வகை மாற்றி வாசிப்பதில் இப்படி ஒரு லாபம்.

ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' பற்றி நிறையப் பேர் நிறையச் சொல்லிவிட்டார்கள். சிங்கம்புணரியில் பிறந்து, இளம் வயதில் வேலைக்காக இந்தோனேசியாவின் சுமத்ரா தீவிலுள்ள மேடானுக்குப் போய், இரண்டாம் உலகப்போரை அங்கே பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். எழுதியது இரண்டே நாவல். இது புத்தகமாக வந்தது 1972இல். ஜப்பான் படை மேடானுக்குள் நுழைவதில் தொடங்கி, பினாங்கு, இந்திய தேசிய ராணுவம், மறுபடி சுமத்ரா என்று பாண்டியன் அலைகிறான். போர், சாகசம் எல்லாம் உண்டு. நான் குறித்துவைத்த பக்கங்கள் செட்டியார் வட்டிக்கடைப் பக்கங்கள். பெட்டியடிப் பையன், அடுத்தாள், மேலாள் என்று படிப்படியான அந்த உலகம், கணக்கு, கைமாற்று, ஊரிலிருந்து வரும் கடிதம். குண்டு விழுந்துகொண்டிருக்கும்போதும் பேச்சு நடுவே மதுரைத் தெருக்கள் வந்துவிடுகின்றன. தொங்கான் என்ற பாய்மரக் கப்பலில் கடலைக் கடக்கும்போது புயல் பிடிக்கும் அத்தியாயத்தை வாய்விட்டு வாசித்துப் பாருங்கள். வாக்கியங்கள் உடைந்து, வினைச்சொல்கூட இல்லாமல் அலை அலையாக வந்து விழும். பெண்கள் வரும் பக்கங்கள் மட்டும் எனக்கு ஒட்டவில்லை. ஆண்களின் பேச்சுக்குள்தான் அவர்கள் பெரும்பாலும் இருக்கிறார்கள்.

அடுத்து நாவல் வரக் கூடாது என்பதால் தியடோர் பாஸ்கரனின் 'இன்னும் பிறக்காத தலைமுறைக்காக'. அஞ்சல் துறையில் உயர்பதவி வகித்தவர், தமிழ் சினிமா வரலாற்றை ஆங்கிலத்தில் எழுதியவர், பறவைகளையும் காடுகளையும் பற்றித் தமிழில் எழுதுபவர். கட்டுரைகள் சின்னவை. காட்டுயிரைப் பற்றிய கவலையைப் புலம்பாமல், பார்த்ததைச் சொல்லி நமக்குள் கடத்துகிறார். இதை வாசித்த பிறகு வீட்டுக்கு எதிரே மின்கம்பியில் உட்காரும் கரிச்சானை நின்று பார்க்கிறேன். பூச்சியைப் பறந்துபோய்ப் பிடித்துவிட்டு அதே இடத்துக்குத் திரும்புகிறது, சில சமயம் தன்னைவிடப் பெரிய காக்கையை விரட்டுகிறது. இத்தனை காலமும் அது அங்கேதான் இருந்திருக்கும்.

சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'வை அறிவியல் கதை ஒன்றாவது இருக்கட்டும் என்று எடுத்தேன், விறுவிறு என்று முடிந்துவிட்டது. 1980களில் விகடனில் தொடராக வந்தபோது கதை நடப்பதாக அவர் வைத்த காலம் 2021. நாம் அதைத் தாண்டி வந்துவிட்டோம். ஜீனோ என்ற இயந்திர நாய் எல்லோருக்கும் பிடிக்கும், எனக்கும்தான். ஆனால் எனக்கு உறைத்தது அதன் சட்டதிட்டங்கள். குடிமக்களுக்கு இரண்டெழுத்துப் பெயர்தான், குழந்தை பெற அரசின் அனுமதி வேண்டும், எல்லாருக்கும் எண். ஓர் அரசு மனிதரை எப்படிக் கணக்கெடுத்து வைக்கும் என்று யோசித்த இடங்களில் சுஜாதா மிகக் கூர்மையாக இருக்கிறார். வாராவாரம் வைத்த கொக்கிகள் ஒரே மூச்சில் வாசிக்கும்போது கொஞ்சம் களைப்பைத் தருகின்றன.

கடைசி நாவல் 'எரியும் பனிக்காடு'. பி.எச். டேனியல் ஆங்கிலத்தில் எழுதி 1969இல் வந்த 'ரெட் டீ', இரா. முருகவேள் தமிழாக்கியது. பாலாவின் 'பரதேசி' படத்துக்கு அடிப்படை இதுதான். படம் பார்த்தவர்களும் புத்தகத்தை வாசிக்க வேண்டும். டேனியல் வால்பாறைத் தேயிலைத் தோட்டங்களில் பல ஆண்டுகள் மருத்துவராக இருந்தவர். அந்தக் கண் ஒவ்வொரு பக்கத்திலும் தெரிகிறது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து கருப்பனும் வள்ளியும் தோட்டத்துக்கு ஆள் சேர்க்கும் மேஸ்திரி தந்த முன்பணத்தை வாங்கிக்கொண்டு மலையேறுகிறார்கள். அதற்கப்புறம் எல்லாம் கணக்குதான். கொழுந்து எடை போடும்போது கழிவு, கம்பளிக்குக் கழிவு, அரிசிக்குக் கழிவு, மேஸ்திரிக்குக் கமிஷன். ஆண்டு முடிவில் கணக்குத் தீர்க்கும்போது, உழைத்தவர் இன்னும் கடன்காரராகவே நிற்கிறார். அட்டை, குளிர், மலேரியா, சோகை ஒவ்வொன்றும் உடம்பை எப்படித் தின்கிறது என்று ஒரு வைத்தியர் சொல்வதுபோலவே சொல்கிறார். கதாபாத்திரங்களில் நுட்பம் குறைவு, நல்லவர் நல்லவராகவும் கெட்டவர் கெட்டவராகவும் வருகிறார்கள். ஆனாலும் அந்தக் கணக்குப் பேரேட்டை இவ்வளவு தெளிவாக வேறு யாரும் எனக்குக் காட்டியதில்லை. முருகவேளின் தமிழ் எங்கும் இடறவில்லை.

இந்தச் சுற்றில் ஒத்துவராதவையும் உண்டு. ஒரு தன்முன்னேற்ற நூலும் ஒரு துப்பறியும் நாவலும் பாதியில் நிற்கின்றன. இரண்டிலும் யாரும் எந்த வேலையும் செய்யவில்லை, பேசிக்கொண்டே இருக்கிறார்கள். அவற்றை நூலகத்தில் திருப்பிக் கொடுத்தாயிற்று.

இப்போது கையில் இருப்பது ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு. புதுச்சேரியில் பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேக்ஸின் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராகவும் தரகராகவும், இருந்தவர் 1736 முதல் 1761 வரை எழுதியது. கப்பல் வந்த நேரம், துணி விலை, யார் யாரிடம் லஞ்சம் வாங்கினார், கவர்னர் கோபமாக இருந்தாரா என்று அன்றன்றைக்கு எழுதிவைத்திருக்கிறார். அந்தக் காலத்துப் பேச்சுத்தமிழ் பழகக் கொஞ்சம் பொறுமை வேண்டும். நான் தினமும் சில பக்கம் என்று வைத்துக்கொண்டு, 1746இல் பிரெஞ்சுக் கடற்படைத் தலைவர் லபூர்தொனே சென்னைக் கோட்டையைப் பிடிக்கும் இடத்துக்கு வந்திருக்கிறேன். தொகுதிகள் நிறைய இருப்பதால் நடுவில் நாவல்களும் ஓடும். முதலில் பூமணியின் 'வெக்கை', அதற்குப் பிறகு எது என்று தீர்மானிக்கவில்லை.