கீழ் மேனுவலுக்கு எந்த மிடி கீபோர்டு வாங்கலாம்?

ஹேமண்ட் ஆர்கன் சத்தம் தரும் ஒற்றை கீபோர்டில், அது நார்ட் எலெக்ட்ரோவோ, ஹேமண்ட் எஸ்கே1-ஓ, லேப்டாப்பில் ஓடும் விபி3 மாதிரி மென்பொருளோ, கொஞ்ச நாள் வாசித்தாலே அடியில் இன்னொரு கீபோர்டு இருந்தால் நன்றாக இருக்குமே என்று தோன்ற ஆரம்பித்துவிடும். ஆர்கனில் கையால் வாசிக்கும் ஒவ்வொரு கீ வரிசைக்கும் மேனுவல் என்று பெயர், அடியில் இருப்பது கீழ் மேனுவல். ஸ்ப்ளிட் போட்டு ஓட்டலாம்தான். ஆனால் 61 கீயை இரண்டாகப் பிரித்தால் இரண்டு கைக்கும் இடம் போதாது. ஹேமண்டின் பழைய பி-3 ஆர்கனில் மேலே 61, கீழே 61, காலுக்கு 25 பெடல். ஜாஸ் ஆர்கன் கலைஞர் ஜிம்மி ஸ்மித் இடது கையால் கீழே பேஸ் ஓட்டிக்கொண்டே வலது கையால் மேலே எங்கே வேண்டுமானாலும் போக முடிந்தது இந்த அமைப்பால்தான்.

சரி, அடியில் வைக்க எந்த மிடி கண்ட்ரோலரை (தானாகச் சத்தம் தராது, எந்தக் கீயை அழுத்தினோம் என்பதை மட்டும் இன்னொரு கருவிக்கோ லேப்டாப்புக்கோ அனுப்பும் கீபோர்டு) வாங்குவது? கடைகளின் பக்கங்களைத் திறந்தால் பேடு எத்தனை, நாப் எத்தனை, கூட வரும் மென்பொருள் எத்தனை என்றுதான் போட்டிருப்பார்கள். கீழ் மேனுவலுக்கு இதில் ஒன்றும் தேவையில்லை. சொல்லப்போனால் இவை எல்லாம் தொந்தரவு.

காரணம் இடம். பி-3யில் மேல் மேனுவலின் முன்விளிம்பு கீழ் மேனுவலின் பின்பகுதியை ஒட்டி, கொஞ்சம் உயரத்தில் நிற்கும். கையை லேசாகத் தூக்கினால் மேலே போய்விடலாம், கட்டைவிரலைக் கீழே விட்டுவிட்டு மற்ற விரல்களை மேலே வைத்துக்கூட வாசிக்கலாம். இப்போது கீ முடிந்ததும் ஒரு சாண் அகலத்துக்கு ஃபேடரும் பேடும் திரையும் உள்ள கண்ட்ரோலரை அடியில் வைத்துப் பாருங்கள். மேல் கீபோர்டைப் பின்னால் தள்ளி வைக்க வேண்டும், இல்லை அந்த நாப்களுக்கு மேலே தூக்கி வைக்க வேண்டும். தள்ளினால் கை நீள்கிறது, தூக்கினால் தோள் வலிக்கிறது. அதனால் நான் முதலில் பார்ப்பது கீக்குப் பின்னால் எவ்வளவு பிளாஸ்டிக் இருக்கிறது, மொத்த உயரம் எவ்வளவு என்பதைத்தான். பெட்டியின் அளவுகளை எல்லா நிறுவனமும் போட்டிருக்கும், மேல் கீபோர்டு அடிப்பக்கத்தின் தடிமனையும் சேர்த்துக் கணக்குப் போட்டுவிடலாம்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. ஆழம் குறைந்த கண்ட்ரோலர்களில் பிட்ச் வீலும் மாடுலேஷன் வீலும் பெரும்பாலும் கீகளுக்கு இடது பக்கம் இருக்கும். அது எல்லாக் கீயையும் வலப்பக்கம் தள்ளிவிடும், ஆகவே பெட்டிகளை ஓரம் பார்த்து அடுக்கினால் மேல் 'சி'யும் கீழ் 'சி'யும் நேராக வராது. கீ நேராக வர வேண்டும் என்பதுதான் முக்கியம், பெட்டி இடப்பக்கம் நீட்டிக்கொண்டிருந்தால் இருக்கட்டும். ஸ்டாண்டின் கைகள் அதற்கு இடம் கொடுக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். எக்ஸ் ஸ்டாண்டில் இரண்டு அடுக்கை நெருக்கமாக வைப்பது நடக்கிற காரியம் இல்லை, என் கருத்தில்.

அடுத்தது கீ எந்த ஆழத்தில் சத்தம் தருகிறது என்பது. இதை நேரில் தொட்டால்தான் தெரியும். ஹேமண்டில் ஒவ்வொரு கீக்கும் ஒன்பது தொடுமுனைகள், கீ கொஞ்சம் இறங்கியதுமே ஒன்றன்பின் ஒன்றாகத் தொட்டுவிடும் (அந்த 'க்ளிக்' அங்கேயிருந்துதான் வருகிறது). சாதாரண மிடி கீபோர்டில் ஒரு கீக்கு இரண்டு தொடுமுனைகள்: மேலே ஒன்று, கீழே ஒன்று. இரண்டுக்கும் இடையே ஆன நேரத்தை வைத்துத்தான் வெலாசிட்டியை, அதாவது கீயை எவ்வளவு வேகமாக அடித்தோம் என்பதைக் கணக்கிடுகிறது, அதனால் கீ கிட்டத்தட்ட அடிவரை போன பிறகே நோட் கிளம்பும். ஆர்கனுக்கு வெலாசிட்டி தேவையே இல்லை, ஆனாலும் அதற்காக நாம் காத்திருக்கிறோம். ஆர்கனுக்கென்றே செய்த கீபோர்டுகள் சில மேல் தொடுமுனையிலேயே நோட்டை அனுப்பும், பொதுவான கண்ட்ரோலர்களில் இதை எதிர்பார்க்க வேண்டாம். சோதிப்பது சுலபம்: ஒரு கீயை மிக மெதுவாக அழுத்தி, எங்கே சத்தம் வருகிறது என்று பாருங்கள். அப்புறம் ஒரே கீயைப் பாதி மட்டும் தூக்கித் தூக்கி வேகமாக அடித்துப் பாருங்கள். பேஸ் வாசிப்பவருக்கு இது போதும்.

வாட்டர்ஃபால் கீ வேண்டுமா என்று கேட்பார்கள். முன்பக்கம் உதடு இல்லாமல் நேராக இறங்கும் அந்தக் கீ, உள்ளங்கையால் இழுப்பதற்குத்தான், அதை நான் மேலேதான் அதிகம் செய்கிறேன். கீழே சாதாரண ஸ்பிரிங் கீ போதும், செமி-வெயிட்டட் (கொஞ்சம் கனமான கீ) என்றாலும் பரவாயில்லை. பியானோ மாதிரி ஹேமர் கீ மட்டும் வேண்டவே வேண்டாம்.

49 கீயா, 61 கீயா? இடது கை பேஸ் மட்டும் என்றால் 49 தாராளம். இரண்டு கையையும் கீழே வைத்து மெதுவாக வாசிப்பவர்களுக்கு, அமெரிக்கக் கறுப்பினத் தேவாலயங்களில் பிரசங்கத்துக்குப் பின்னால் வாசிப்பார்களே அந்த மாதிரி, மேல் ஆக்டேவ் இல்லாதது உறுத்தும்.

இணைப்பு விஷயத்தை வாங்கும் முன்பே பார்த்துவிடுங்கள். லேப்டாப் என்றால் யூஎஸ்பி போதும். நேரடியாக ஒரு ஆர்கன் கீபோர்டில் செருக வேண்டும் என்றால் கண்ட்ரோலரில் ஐந்து முனை மிடி அவுட் இருக்க வேண்டும். யூஎஸ்பி மட்டும் உள்ள இரண்டு கருவிகளை ஒரு கேபிளால் இணைத்தால் ஒன்றும் நடக்காது, நடுவில் ஒரு யூஎஸ்பி ஹோஸ்ட் பெட்டி வேண்டும், அதற்கும் ஒரு அடாப்டர், மேடையில் இன்னொரு வயர். மிடி சேனல் பொதுவாக மேல் 1, கீழ் 2, பெடல் 3. கண்ட்ரோலரில் இருக்கும் ஒற்றை ஸ்லைடர் பெரும்பாலும் வால்யூம் அனுப்பும்படி அமைந்திருக்கும், கை பட்டால் பாட்டின் நடுவே பேஸ் காணாமல் போகும், அதை வேறு எதற்காவது மாற்றிவிடுங்கள். மாடுலேஷன் வீலை லெஸ்லி (ஆர்கனின் சுழலும் ஸ்பீக்கர்) வேகத்துக்கு வைத்தால் இடது கைக்கு வசதி.

ஹேமண்ட் எக்ஸ்கே-5க்கு எக்ஸ்எல்கே-5 என்று அதற்கே செய்த கீழ் மேனுவல் இருக்கிறது. பணம் இருந்தால் இந்தக் கணக்கு எதுவும் போட வேண்டாம். என்னிடம் இருப்பது பழைய 61 கீ கண்ட்ரோலர், பேடு இல்லை, திரை இல்லை, இரண்டாம் கையாக வாங்கியது. டிராபார்கள் (சத்தத்தின் நிறத்தை அமைக்கும் ஒன்பது இழுப்பான்கள், ஒவ்வொன்றும் 0 முதல் 8 வரை) கீழே 838000000, மேலே 888000000, பெர்கஷன் (நோட்டின் தொடக்கத்தில் வரும் 'டிங்') ஆன். கீ கொஞ்சம் தாமதமாகத்தான் பேசுகிறது, பேஸை இம்மி முன்னால் அடித்துப் பழகிவிட்டது கை.