மைன்ஸுக்குள்ள போன ஊருக்கு வம்சாவளி தேடுறது

நெய்வேலின்னா வெளியூர்க்காரங்களுக்கு கரண்டு, பழுப்பு நிலக்கரி, அகலமான ரோடு, மரம், பிளாக் நம்பர் போட்ட குவார்ட்டர்ஸ், அவ்ளோதான். அதுக்கு முன்னாடி அங்க என்ன இருந்துச்சுன்னு டவுன்ஷிப்ல பொறந்து வளந்த பசங்கள கேட்டாலே பாதி பேருக்கு சொல்ல தெரியாது. முந்திரித்தோப்பு, பலா, மல்லாட்டை (வேர்க்கடலை), கம்பு, வரகு, வானம் பாத்த புஞ்சை, நடுநடுவுல சின்ன சின்ன குப்பம். அப்படி ஒரு குப்பத்துலதான் எங்க ஆயா (பாட்டி) பொறந்தாங்க.

ஜம்புலிங்க முதலியார் நிலத்துல கெணறு தோண்டுனப்ப கருப்பா ஏதோ வந்துச்சுங்குற 1930-கள் கதை எல்லாருக்கும் தெரிஞ்சது, அத விட்டுர்றேன். 1956 நவம்பர்ல கரி எடுக்க என்எல்சி (நெய்வேலி லிக்னைட் கார்ப்பரேஷன்) கம்பெனி ஆரம்பிச்சாங்க, 1957 மே 20-ந் தேதி நேரு வந்து மைன்ஸ் வேலைய தொடங்கி வச்சாரு, ஆனா கரி கண்ணுல பட்டது 1961 ஆகஸ்ட்லதான். நடுவுல நாலு வருஷம் என்ன பண்ணாங்கன்னா மண்ணு அள்ளுனாங்க. சுரங்கம்னு சொன்னதும் பூமிக்குள்ள குகை போகும்னு நெனைக்கிறவங்க நெறைய பேரு, நெய்வேலி அப்படி இல்ல, திறந்தவெளி சுரங்கம், கரிக்கு மேல 50 மீட்டருக்கும் அதிகமா மண்ணும் மணற்கல்லும் கெடக்கு, அதை முழுசா எடுத்தாதான் கரி. அந்த மணற்கல்லுல சக்கரத்துல வாளி மாட்டி மண்ணு அள்ளுற ஜெர்மனி பக்கெட் வீல் மெஷினோட பல்லே தேஞ்சு போச்சுன்னு பழைய மைன்ஸ்காரங்க இன்னைக்கும் சொல்லுவாங்க. கரிக்கு கீழ தண்ணி வேற மேல முட்டிக்கிட்டு நிக்கும், அதுக்கு ராவும் பகலும் பம்பு ஓடணும்.

இத ஏன் இவ்ளோ நீட்டுறேன்னா, வம்சாவளி தேடுறவனுக்கு இதுலதான் சிக்கல். மேல்மண்ண எடுக்குறப்ப அது மேல இருந்த வீடு, கொளம், சுடுகாடு எல்லாமே சேந்து போயிடும். வேற ஊர்க்காரன் பூர்வீக ஊருக்கு போனா இடிஞ்ச செவுராவது, புளியமரமாவது இருக்கும், நமக்கு அந்த நெலமே கெடையாது. வேலுடையான்பட்டு முருகன் கோயில் தப்பிச்சுது, பங்குனி உத்திரத்துக்கு இப்பவும் காவடி கூட்டம் நெரியுது, எல்லா ஊரு கோயிலுக்கும் அந்த குடுப்பினை இல்ல.

சரி, மண்ணு போச்சு, மிச்சம் என்னன்னு பாத்தா காகிதம்தான். எங்க வீட்டு டிரங்கு பெட்டில இருந்த பழைய கிரயப்பத்திரத்த எடுத்து படிச்சேன். மொதல்ல "இன்னார் குமாரர் இன்னார்"னு அப்பா பேரு வருது, அதுலயே ரெண்டு தலைமுறை கெடைச்சிருது. ஆனா உண்மையான புதையல் கடைசில வர்ற செக்குபந்திதான். இன்னார் புஞ்சைக்கு வடக்கு, வண்டிப்பாதைக்கு தெற்கு, இன்னார் கெணத்துக்கு கெழக்குன்னு நாலு பக்கமும் எழுதிருக்கும். நம்ம பத்திரம் ஒண்ணு, பங்காளி வீட்டுது ஒண்ணு, பக்கத்து கொல்லைக்காரர் வீட்டுது ஒண்ணுன்னு சேத்து வச்சு, சர்வே நம்பர வச்சு எஃப்எம்பி ஸ்கெட்ச் (நெல அளவு வரைபடம்) ஓட ஒட்டி பாத்தா, இல்லாத ஊரோட வரைபடமே கெளம்பி வருது, யாரு கொல்லைக்கு பக்கத்துல யாரு, எந்த கெணறு யாருக்கு பொதுன்னு. ஊரு போயிருச்சு, சர்வே நம்பரு மட்டும் போகல.

அதுக்கப்பறம் நில ஆர்ஜிதம் அவார்டு நகல். 1894 சட்டப்படி எடுத்த நெலத்துக்கு யாரு யாருக்கு எவ்ளோன்னு போட்டதுதான், ஆனா அதுல கெணறு, வீடு, மரம் எல்லாத்துக்கும் மதிப்பு போட்டிருப்பாங்க. எத்தன பலா, எத்தன முந்திரின்னு ஒரு அதிகாரி எண்ணி எழுதி வச்சிருக்காரு, நம்ம ஆளுங்க யாரும் அப்படி எழுதி வச்சதில்ல. தேடுறவங்க ஒண்ணு கவனிங்க, கடலூர் மாவட்டம்னு தேடுனா பழசு எதுவும் வராது, 1993-ல மாவட்டத்த பிரிக்கறதுக்கு முன்னாடி எல்லாமே தென்னாற்காடு ஜில்லா, ரொம்ப பழைய காகிதத்துல விருத்தாசலம் தாலுக்கான்னு இருக்கும்.

பேரு இன்னொரு தலைவலி. தாத்தா பேர பேரனுக்கு வைக்கிற வழக்கத்துல ஒரே கொல்லைக்கு ஒரே பேர்ல மூணு பேரு வர்றாங்க, அதுல யாரு பெரிய தாத்தா யாரு பேரன்னு வருஷத்த வச்சுதான் பிரிக்கணும். வருஷமும் நம்புற மாதிரி இல்ல, பள்ளிக்கூடத்துல வாத்தியார் போட்ட ஜூன் 1 தான் பாதி பேருக்கு பொறந்தநாளு, அதே தேதிதான் மைன்ஸ் வேலைக்கும் போச்சு, அதே தேதிய கணக்கு வச்சுதான் ரிட்டயர்டும் ஆனாங்க.

டவுன்ஷிப்புக்குள்ள கதையே வேற. திருநெல்வேலி, தஞ்சாவூர், கேரளா, ஆந்திரான்னு எங்கெங்கயோ இருந்து வந்து வேலைல சேந்து, புரமோஷனுக்கு ஏத்த மாதிரி பிளாக் மாறி, ரிட்டயர்டு ஆனதும் குவார்ட்டர்ஸ் சாவிய குடுத்துட்டு வடலூர்லயோ இந்திரா நகர்லயோ மனை வாங்கி வீடு கட்டுன குடும்பங்க. அப்பா பொறந்த வீட்டுல மகன் பொறக்கவே முடியாத ஒரு ஊரு இது. அதனால டவுன்ஷிப் குடும்பங்களுக்கு வீட்டு அட்ரஸ வச்சு எதையும் தேட முடியாது, பள்ளிக்கூட குரூப் போட்டோவும் கல்யாண பத்திரிகையும்தான் ஆதாரம்.

எனக்கு இன்னும் ஆறாத விஷயம் பொம்பளைங்க பேரு. பட்டால இல்ல, செக்குபந்தில இல்ல. வீட்டுலயும் முதனை ஆயா, வடலூர் ஆயான்னு பொறந்த ஊர வச்சுத்தான் கூப்புட்டாங்க. ஆனா பாகப்பிரிவினை பத்திரத்துல புருஷன் செத்தவங்க இடது பெருவிரல் ரேகை வச்சிருப்பாங்க, பக்கத்துல முழுப்பேரு இருக்கும். எங்க கொள்ளுப்பாட்டி பேரு அப்படித்தான் கெடைச்சுது, எங்க அப்பாவுக்கே அதுவரைக்கும் தெரியாது. ஈசி (வில்லங்கச் சான்று) ஆன்லைன்ல ரொம்ப பழசு வராது, அதுக்கு ரிஜிஸ்டர் ஆபீஸ்ல மனு போட்டு தேட சொல்லணும், பொறுமை வேணும்.

அடுத்து நான் புடிச்சிருக்கறது தலைக்கட்டு நோட்டு, தனி குடித்தனம் ஒவ்வொண்ணையும் ஒரு தலைக்கட்டும்பாங்க. ஊரு கலைஞ்சு ஆளுக்கொரு பக்கம் போனாலும் கொலதெய்வத்துக்கு வரி வாங்குறத யாரும் விடல, எந்த குடும்பம், எத்தன தலைக்கட்டு, யாரு குடுத்தா யாரு பாக்கின்னு வருஷா வருஷம் எழுதி வச்சிருக்காங்க. தனியா பிரிஞ்ச பையன் எந்த வருஷம் தனி தலைக்கட்டு ஆனான்னு கூட அதுல பாக்கலாம். இந்த ஆடி மாச படையலுக்கு போறப்ப பூசாரி மாமாகிட்ட கேட்டு மொத்தத்தையும் போன்ல போட்டோ புடிச்சிரணும், பழைய நோட்டுல கரையான் ஏறிருச்சாம்.