ஹாரோ ஃபிளாட்டும் எண்பது வருடக் கணக்கும்

சென்னையில் ஃபிளாட் வாங்குகிறவர்கள் முதலில் விசாரிப்பது யூ.டி.எஸ்., அதாவது பிரிக்கப்படாத நிலப் பங்கு, எவ்வளவு என்றுதான். கட்டடம் பழசானாலும் நிலத்தில் நமக்கென்று ஒரு பங்கு பத்திரத்தில் இருக்கும். அந்தப் பழக்கத்தோடு லண்டனில் வீடு தேடினால் நிலைமை வேறு. இங்கிலாந்தில் ஃபிளாட்டுகள் பெரும்பாலும் லீஸ்ஹோல்டு. நிலமும் கட்டடமும் ஃப்ரீஹோல்டருக்குச் சொந்தம். நாம் விலை கொடுத்து வாங்குவது இத்தனை ஆண்டுகள் என்று எழுதிவைத்த உரிமையை மட்டும்தான். லீஸ் முடிந்தால் அந்த உரிமை ஃப்ரீஹோல்டருக்கே திரும்பிப் போய்விடும்.

வடமேற்கு லண்டனில் இருக்கும் ஹாரோவில் நாங்கள் வாங்கியதும் அப்படி ஒன்றுதான். கவுன்சில் டாக்ஸ், சர்வீஸ் சார்ஜ், பிள்ளைகளின் பள்ளி என்று ஓடிக்கொண்டிருந்தோம். மேல் தளத்தில் இருக்கும் யாழ்ப்பாணத்து அக்கா ஒருநாள் மாடிப்படியில் நிறுத்தி, “தம்பி, உங்கட லீஸில இன்னும் எத்தனை வருசம் கிடக்கு? எண்பதுக்குக் கீழ மட்டும் போக விடாதேங்கோ” என்றார்.

சொத்துகளைப் பதிவு செய்யும் லேண்ட் ரெஜிஸ்ட்ரியின் தளத்தில் சில பவுண்டுகள் கட்டினால், டைட்டில் ரெஜிஸ்டர் என்ற உரிமைப் பதிவு கிடைக்கும். அதில் ஒரே வரி: 1981 ஜூன் 24 முதல் 125 ஆண்டுகள். நாங்கள் பார்த்தது 2024 கடைசியில். மிச்சம் 81 ஆண்டு சொச்சம். 2026 ஜூன் தாண்டினால் எண்பதுக்குக் கீழே.

எண்பதில் என்ன இருக்கிறது? ஃப்ரீஹோல்டருக்குப் பணம் கொடுத்து லீஸை நீட்டிக்கொள்ளலாம். அப்படி நீட்டினால் ஃபிளாட்டின் மதிப்பு கூடும். மிச்சக் காலம் எண்பது ஆண்டுக்குக் கீழே போய்விட்டால், அப்படிக் கூடுகிற மதிப்பில் சரிபாதியையும் சேர்த்து ஃப்ரீஹோல்டருக்குக் கொடுக்க வேண்டும். மேரேஜ் வேல்யூ என்பார்கள். நேற்று வரை கணக்கிலேயே வராத தொகை, கோட்டைத் தாண்டியதும் ஆயிரக்கணக்கான பவுண்டுகளாக ஏறிவிடும். ஆண்டுகள் குறையக் குறைய அந்த ஃபிளாட்டுக்குக் கடன் தரும் வங்கிகளும் குறையும். விற்கப் போனால் வாங்குபவர் தயங்குவார்.

நாங்கள் விசாரிக்கிறோம் என்று தெரிந்ததுமே ஃப்ரீஹோல்டர் தரப்பிலிருந்து ஒரு கடிதம் வந்தது. வக்கீல் செலவு குறைவு, சீக்கிரம் முடியும், மொத்தம் 125 ஆண்டாக ஆக்கித் தருகிறோம், 28 நாளுக்குள் சம்மதம் சொல்லுங்கள் என்று. படிக்க நன்றாகத்தான் இருந்தது. என் மனைவி பேனாவை எடுத்து அதன் ஓரத்திலேயே கணக்குப் போட்டாள். கூடுவது 43 ஆண்டு சொச்சம். ஃப்ரீஹோல்டருக்குக் கட்டும் நில வாடகையான கிரவுண்ட் ரென்ட்டோ பழைய லீஸின் மிச்சக் காலம் முழுக்க அப்படியே தொடரும். லீஸ் நீட்டிப்பு உரிமை தரும் 1993ஆம் ஆண்டுச் சட்டப்படி போனால் இருப்பதோடு 90 ஆண்டு கூடும், கிரவுண்ட் ரென்ட்டும் அடியோடு போய்விடும். இப்படிக் கடிதம் வந்தால் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள் என்று தெரிந்தவர்கள் எல்லோரிடமும் சொல்லி வருகிறேன். கெடு போட்டு அவசரப்படுத்துவது நம்மவர்களிடம் எளிதில் பலித்துவிடுகிறது. புது நாடு, சட்டம் தெரியாது, வம்பு வேண்டாம் என்று பணிந்துவிடுகிறோம்.

சட்ட வழியில் முதல் படி, லீஸை நீட்டித் தரச் சொல்லி ஃப்ரீஹோல்டருக்கு நாம் கொடுக்கும் செக்ஷன் 42 நோட்டீஸ். வீடு வாங்கும்போது வந்த வக்கீல் இதற்கும் போதும் என்று நினைக்க வேண்டாம். லீஸ் நீட்டிப்பையே தொழிலாகச் செய்பவர் வேண்டும், ஏனென்றால் நோட்டீஸில் பிழை இருந்தால் செல்லாமலே போகலாம். மதிப்பீட்டுக்கு வேல்யுவர் ஒருவர். நம் ஆட்களின் செலவு போக, ஃப்ரீஹோல்டருடைய வக்கீல், வேல்யுவர் ஆகியோரின் நியாயமான செலவும் அப்போது நம் தலையில்தான். நீட்டிப்புக்கு நாம் நோட்டீஸில் சொல்லும் விலையில் பத்து சதவீதத்தை டெபாசிட்டாகக் கேட்கவும் ஃப்ரீஹோல்டருக்கு உரிமை உண்டு. எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கையில் பணம் வைத்துக்கொண்டு இறங்குவது நல்லது.

பதில் சொல்ல ஃப்ரீஹோல்டருக்குக் குறைந்தது இரண்டு மாத அவகாசம் தர வேண்டும். எங்கள் ஃப்ரீஹோல்டரின் பதில் நோட்டீஸ் கெடுவை ஒட்டித்தான் வந்தது, நாங்கள் சொன்னதைவிட ரொம்பக் கூடுதலான தொகையோடு. பயந்துபோனோம். வேல்யுவர் அசையவே இல்லை. இரண்டு தரப்பும் தூரத்தில் நின்றுதான் பேச்சைத் தொடங்கும் என்றார். பேசிப் பேசி நடுவில் ஒரு தொகைக்கு வந்தது. படியாவிட்டால் பதில் நோட்டீஸ் வந்த ஆறு மாதத்துக்குள் டிரிப்யூனல் என்ற தீர்ப்பாயத்துக்கு மனுப் போட வேண்டும். அதைத் தவறவிட்டால் நோட்டீஸ் காலாவதியாகி, மறுபடி கொடுக்க ஓராண்டு காத்திருக்க நேரும். எண்பதை ஒட்டி நிற்பவர்களுக்கு அந்த ஓராண்டு பெரிய இழப்பு.

2024இல் வந்த புதுச் சட்டம் 990 ஆண்டு நீட்டிப்பு தரும், மேரேஜ் வேல்யூவை எடுத்துவிடும் என்று பலரும் காத்திருக்கிறார்கள். ஆனால் அந்தப் பகுதிகள் இதை எழுதும் வரை நடைமுறைக்கு வரவில்லை. நடைமுறைக்கு வந்த ஒன்று, நீட்டிப்புக் கேட்க ஃபிளாட்டை வாங்கி இரண்டு ஆண்டு ஆகியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை 2025 ஜனவரி 31 முதல் போனது. என்னைக் கேட்டால், 95, 100 ஆண்டு மிச்சம் இருப்பவர்கள் பொறுத்துப் பார்க்கலாம். 82, 83இல் நிற்பவர்கள் இப்போதே நோட்டீஸ் கொடுத்துவிட வேண்டும். விலை கணக்கிடுவது நோட்டீஸ் கொடுத்த நாளை வைத்துத்தான். அப்புறம் பேச்சு எத்தனை மாதம் இழுத்தாலும், அன்றைக்கு இருந்த ஆண்டுகள்தான் கணக்கு. அரசு நிதியில் இயங்கும் லீஸ்ஹோல்டு அட்வைசரி சர்வீஸ் இதற்கெல்லாம் இலவசமாக ஆலோசனை தருகிறது. வக்கீலுக்குப் பணம் கட்டும் முன் அங்கே ஒருமுறை பேசிவிடுங்கள்.