இன்ட்-சுசுகிக்கு வீட்டிலேயே ஃபைபர் சைடு கவர்: ரெசின் வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

"வெயில்ல வைங்க சார், காஞ்சிடும்." ரெசின் விற்கிற கடையிலேயே இப்படிச் சொன்னால் எரிச்சல் வராமல் என்ன செய்யும்? ஃபைபர் செய்யக் கண்ணாடி இழையில் ஊற்றுகிற பாலியெஸ்டர் ரெசின், பெயின்ட் மாதிரி காய்கிற சரக்கு இல்லை. கோபால்ட்டும் (இறுகலை முடுக்கிவிடும் ஆக்ஸிலரேட்டர்) ஹார்டனரும் (எம்இகேபி) அளவாகச் சேர்ந்து, உள்ளே சூடேறி இறுகுகிற சரக்கு. அந்த இரண்டில் ஒன்று இல்லையென்றால் சித்திரை வெயிலில் வைத்தாலும் பிசுபிசுவென்றுதான் கிடக்கும்.

வண்டி அப்பாவுடைய இன்ட்-சுசுகி ஏஎக்ஸ்100. 1984-இல் ஓசூரிலிருந்து வரத் தொடங்கிய மாடல். இன்ஜின் இன்னும் ஒரே உதையில் எழுந்துகொள்கிறது. இடது பக்க சைடு கவர்தான் லாக் உடைந்து எங்கேயோ ரோட்டில் விழுந்துவிட்டது. யமஹா ஆர்எக்ஸ்100 என்றால் சென்னைப் புதுப்பேட்டையில் டூப்ளிகேட் கவர் கொட்டிக் கிடக்கிறது. இந்த வண்டிக்குக் கேட்டால் வேறு மாடல் கவரை எடுத்து, "கச்சிதமா உக்காரும் தம்பி" என்று கையில் திணிக்கிறார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்துப் பார்த்தால் லாக் ஒரு இடம், ஃபிரேமில் ஓட்டை வேறு இடம். திருப்பிக் கொடுக்கப் போனபோது பில் இல்லாததால் எடுக்க மாட்டோம் என்றார்கள். பில்லே போடாத கடை அது.

அதற்கப்புறம்தான் ஃபைபரில் நாமே செய்துவிடலாம் என்று இறங்கினேன். தாம்பரத்தில் இதே வண்டி வைத்திருக்கும் நண்பர் தன்னுடைய ஒரிஜினல் இடது கவரைக் கழற்றிக் கொடுத்தார். அதன்மேல் ஃபைபரில் மோல்டு (அச்சு) எடுத்து, அந்த மோல்டுக்குள் என் கவரைச் செய்வது திட்டம். இன்னொருவர் பொருள், அதுவும் கிடைக்காத பொருள். அதனால் அதன்மேல் எதைப் பூசுவதற்கு முன்னாலும் தனியாகச் சோதித்துவிடுவது என்று முடிவு செய்துகொண்டேன். அந்த முடிவுதான் கடைசியில் காப்பாற்றியது.

பாரிமுனைப் பக்கம் கெமிக்கல் கடைகள் இருக்கும் தெருவில் ஒரு கடையில் ரெசின் வாங்கினேன். டின்னில் தேதி இல்லை. கேட்டதற்கு "ஃப்ரெஷ் ஸ்டாக் சார்" என்றார்கள். ஆக்ஸிலரேட்டர் தனியாக வேண்டுமா என்றால், "இதுலயே கலந்திருக்கு, ஹார்டனர் மட்டும் ஒரு மூடி ஊத்துங்க" என்றார்கள். வீட்டில் ஒரு காகிதக் கப்பில் 50 கிராம் எடுத்து, சிரிஞ்சில் ஒரு கிராம் ஹார்டனர் விட்டுக் கலக்கி வைத்தேன். மறுநாள் காலையிலும் தேன் பதத்திலேயே இருந்தது. கோபால்ட் கலந்த ரெசினில் லேசான ரோஸ் சாயலாவது தெரியும். இது வெளிறிய மஞ்சளாகவே இருந்தது. டின்னை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனபோது கிடைத்த பதில்தான் மேலே சொன்ன வெயில் யோசனை. அந்தச் சரக்கை நேராக நண்பரின் கவர்மேல் பூசியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பிடிக்கவில்லை.

வாதாடிய பிறகு ஒருவர் உள்ளே போய் ஊதா நிறக் கோபால்ட்டை ஒரு தண்ணீர் பாட்டிலில் ஊற்றிக்கொண்டு வந்தார். ஹார்டனரும் தண்ணீர் பாட்டிலில்தான். லேபிள் கிடையாது. இரண்டையும் ஒரே கேரி பேக்கில் போட்டுக் கையில் கொடுத்தார். இதைப் படிக்கிறவர்கள் வேறு எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்: கோபால்ட்டும் எம்இகேபி ஹார்டனரும் நேராகக் கலந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். கோபால்ட்டை முதலில் ரெசினில் விட்டு நன்றாகக் கலக்க வேண்டும். அப்புறம்தான் ஹார்டனர். இரண்டுக்கும் தனித்தனி சிரிஞ்ச், தனித்தனி அலமாரி. ஹார்டனர் கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம், கண்ணாடி போடாமல் மூடியைத் திறக்காதீர்கள். அந்தப் பையை அங்கேயே வைத்துவிட்டு வந்தேன். ரெசினுக்குக் கொடுத்த பணம் திரும்பவில்லை.

அதே தெருவில் இன்னும் கொஞ்சம் தள்ளி ஒரு பெரியவர் கடை. என்ன செய்யப் போகிறேன், எத்தனை பரப்பு, எங்கே வைத்துச் செய்கிறேன் என்று கேட்டுவிட்டுத்தான் எடுத்தார். டின்னில் தேதி இருந்தது. பாலியெஸ்டர் ரெசின் பொதுவாக ஆறு மாதம் தாங்கும், நம் ஊர்ச் சூட்டில் அதற்கு முன்பே கெட்டியாகத் தொடங்கும் என்று அவரே சொன்னார். மேட் (கண்ணாடி இழை விரிப்பு) வாங்கும்போது, எபாக்ஸி என்கிற இன்னொரு வகை ரெசினில் போடப் போகிறாயா பாலியெஸ்டரிலா என்றும் கேட்டார். சாதாரணச் சாப்டு ஸ்ட்ராண்டு மேட்டில் இழைகளை ஒட்டிவைத்திருக்கும் பசை, பாலியெஸ்டரில் இருக்கும் ஸ்டைரீனில்தான் கரையும். எபாக்ஸியில் ஸ்டைரீன் இல்லை, அதனால் மேட் வளையாமல் விறைத்துக்கொண்டு நிற்கும். முதல் கடையில் "எதுல வேணா போடலாம்" என்றிருந்தார்கள்.

அதே ஸ்டைரீன்தான் ஒரிஜினல் கவருக்கும் எமன். பழைய கவர்கள் ஏபிஎஸ் பிளாஸ்டிக். உடைந்த ஏபிஎஸ் துண்டு ஒன்றில் ரெசினைத் தடவிப் பார்த்தேன், கொஞ்ச நேரத்தில் பளபளப்பு போய் விரலில் ஒட்டியது. ஆகவே நண்பரின் கவருக்கு மான்ஷன் மெழுகு பாலிஷைப் பல கோட் போட்டுத் தேய்த்து, அதன்மேல் மோல்டு ஒட்டாமல் பிரிந்துவரப் பூசும் பிவிஏ ரிலீஸை ஸ்பாஞ்சில் தொட்டு மெல்லிசாக மூன்று கோட். பிவிஏ முழுசாகக் காய்ந்து படலமாக நிற்க வேண்டும். மழை மூட்டமான நாளில் தொடவே தொடாதீர்கள், ஈரக்காற்றில் அது காயாது. பின்பக்க லாக்குகளையும் உள்மடிப்பையும் மாடலிங் களிமண்ணால் மூடிவிட்டேன். இல்லாவிட்டால் மோல்டு கவரைக் கவ்விக்கொண்டு விடாது.

மேட்டுக்கு முன்னால் பூசுகிற வழவழப்பான முதல் பூச்சுதான் ஜெல்கோட். அது கை வைத்தால் பிசுக்காக இருந்து, ஆனால் விரலில் ஒட்டி வராத பதத்தில் அடுத்த லேயருக்குப் போக வேண்டும். ஓரத்தில் தொட்டுப் பாருங்கள், முகப்பில் அல்ல. மெல்லிசாகப் பூசினாலோ, இறுகுவதற்குள் மேட் வைத்தாலோ பாலாடை மாதிரிச் சுருங்கிவிடும். மூலைகளில் மேட் உட்காராது. அங்கே முதலில் ரெசினில் டால்க் பவுடரைக் குழைத்து நிரப்பி, அதன்மேல் மேட்டை வைத்தேன். பிரஷால் இழுக்கக் கூடாது, குத்த வேண்டும். வெள்ளையாகத் தெரியும் இடமெல்லாம் காற்று.

எங்கள் மொட்டை மாடியில் காலை ஆறு மணிக்கே தொடங்கினேன். பத்து மணிக்கு மேல் கலந்தால் பிரஷ் நனைவதற்குள் கப் சுட ஆரம்பித்துவிடுகிறது. வெயிலைப் பார்த்து ஹார்டனரைக் குறைக்கலாம், ஆனால் ஒரு சதவீதத்துக்குக் கீழே போனால் ரெசின் முழுசாக இறுகவே இறுகாது. கொஞ்சம் கொஞ்சமாகக் கலப்பதுதான் வழி. வாடை கீழ் வீட்டுவரை போகும், முன்னாடியே சொல்லிவிடுங்கள். துணி மாஸ்க், சர்ஜிகல் மாஸ்க் எதுவும் ஸ்டைரீன் ஆவியைத் தடுக்காது, ரசாயன ஆவியை வடிகட்டும் காட்ரிட்ஜ் போட்ட மாஸ்க் வாங்குங்கள்.

மோல்டு இறுகியதும் ஓரத்தில் பிளாஸ்டிக் ஆப்பைச் செருகி, அந்த இடைவெளியில் தண்ணீர் விட்டேன். பிவிஏ தண்ணீரில் கரையும். சுற்றிவரத் தட்டிக்கொண்டே வந்தபோது 'சடக்' என்று ஒரு சத்தம், ஒரிஜினல் தனியாகக் கையில் வந்தது. பெயின்ட் கூட உரியவில்லை. அன்று சாயங்காலமே தாம்பரம் போய்த் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

அப்புறம் மோல்டுக்குள் கவரை எடுத்தது எளிது: ஜெல்கோட், டிஷ்யூ (மெல்லிய கண்ணாடி இழைத் தாள்), 300 கிராம் மேட், 450 கிராம் மேட். இரண்டு மில்லிமீட்டர் அளவுக்குத் தடிமன் வந்தது. இரண்டு நாள் மோல்டிலேயே விட்டு வைத்தேன், அவசரப்பட்டு எடுத்தால் முறுக்கிக்கொள்ளும். ஓரத்தை ஹாக்சா பிளேடால் அறுத்து, தண்ணீர் விட்டு எமரி போட்டேன். உலர்வாகத் தேய்த்தால் கண்ணாடித் தூசி சட்டைக்குள் புகுந்து ராத்திரி முழுக்க அரிக்கும்.

லாக் விஷயம்தான் மிச்சம். ஃபைபரிலேயே குச்சி எடுத்தால் முதல் குழியில் ஒடிந்துவிடும். பதிலாக ஆறு மில்லிமீட்டர் போல்ட்டின் தலையைக் கவரின் உட்பக்கம் எபாக்ஸியில் பதித்து, மேலே இரண்டு துண்டு மேட்டை பாலியெஸ்டர் ரெசினில் ஒட்டினேன். எந்த இடத்தில் பதிப்பது? கிரீஸில் குங்குமத்தைக் குழைத்து, ஃபிரேமில் இருக்கும் ரப்பர் புஷ்களின் வாயில் தடவி, கவரைச் சரியாகப் பிடித்து ஒரு அழுத்து. உட்பக்கம் சிவப்பு வட்டங்கள் துல்லியமாக விழுந்தன. வட்டத்தின் நடுவைக் குறித்துக்கொண்டு, கிரீஸைத் தின்னரில் சுத்தமாகத் துடைத்து, எமரி போட்டுச் சொரசொரப்பாக்கிய பிறகுதான் ஒட்ட வேண்டும்.

பெயின்ட்டுக்கு அவசரம் வேண்டாம். ஒரு வாரமாவது வெயில் படும்படி வைத்து, மிச்சமிருக்கும் ஸ்டைரீன் வெளியேறிய பிறகு பிரைமர் அடியுங்கள். பிரைமருக்குப் பிறகு தெரிகிற ஊசித் துளைகளைப் பட்டி போட்டு அடைத்தால் போதும். கவர் இப்போது வண்டியில் இருக்கிறது, ஐடிலிங்கில்கூடக் கடகடவென்று அடிக்கவில்லை. மோல்டு நன்றாக இருக்கிறது. ஏஎக்ஸ்100 வைத்துக்கொண்டு இடது கவருக்கு அலைகிறவர்கள் கேட்டால் தருகிறேன். ரெசினை மட்டும் தேதி பார்த்து வாங்கி, ஒரு கப்பில் சோதித்துவிட்டு வாருங்கள்.