எள்ளுவின் பிடரியில் ஐந்து ரூபாய் அளவு வழுக்கை

எள்ளு எங்கள் வீட்டு முயல். சாம்பல் நிற உடம்பில் எள்ளைத் தூவிவிட்டதுபோல் கறுப்பு ஓடும், அதனால் அந்தப் பெயர். பெண், இரண்டரை வயது. தாம்பரத்தில் இரண்டாவது மாடியில் இருக்கிறோம். பால்கனியை ஒட்டிய சின்ன அறை முழுக்க அவளுடையது. பிப்ரவரியில் ஒரு சாயங்காலம் மடியில் வைத்துச் சீவிக்கொண்டிருந்தேன். பிடரிக்குக் கொஞ்சம் கீழே, இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில், என் விரல் நேராகத் தோலில் போய்ப் பட்டது. முடியை விலக்கிப் பார்த்தால் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு வெறும் தோல்.

முயலுக்கு வருஷத்தில் சில தடவை முடி உதிர்ந்து புதிதாக வரும். அதுதான் இது என்று ஒரு வாரம் விட்டுவிட்டேன். இப்போது வித்தியாசம் தெரிகிறது. வழக்கமான உதிர்வில் சீப்பு நிறைய முடி வரும், ஆனால் பெரும்பாலும் அடியில் புது முடி ஏற்கெனவே முளைத்துக் குட்டையாக நிற்கும். எள்ளுவுக்கு அப்படி ஒன்றும் முளைக்கவில்லை. தோல் இளஞ்சிவப்பாகத் தெரிந்தது. அதைச் சுற்றி முடியின் அடியில் தவிட்டுத் தூள் மாதிரி வெள்ளைச் செதில். ஏழாம் வகுப்பு படிக்கும் என் மகன்தான் அந்த யோசனையைச் சொன்னான்: "அம்மா, பக்கத்துல அஞ்சு ரூபா காசை வச்சு தினமும் ஒரு போட்டோ எடு. பெருசாகுதா இல்லையான்னு தெரிஞ்சிடும்." எடுத்தோம். ஒன்பதாம் நாள் படத்தில் வழுக்கைக்குள் நாணயம் வைத்தது போக இரண்டு பக்கமும் இடம் இருந்தது.

அதற்குள் ஆளாளுக்கு ஒரு வைத்தியம். ஊரிலிருந்து வந்திருந்த அம்மா, "வேப்பெண்ணெய் தடவுடி, ரெண்டு நாள்ல அடங்கிடும்" என்றாள். கீழ்வீட்டு அக்கா குளிப்பாட்டச் சொன்னார். வளர்ப்புப் பிராணிக் கடையில் நாய்க்கு அடிக்கும் உண்ணி ஸ்பிரே ஒன்றை எடுத்து நீட்டினார்கள், "முயலுக்கும் இதுதான் மேடம்" என்று. வாங்கிக்கொண்டே வந்துவிட்டேன். மூடியைத் திறக்கும் முன்பு பாட்டிலின் பின்பக்கம் படித்தேன்: ஃபிப்ரோனில். இந்த மருந்து நாய்க்கு, பூனைக்குப் பழக்கமானது; முயலுக்கு விஷம். வலிப்பு வந்து செத்துப்போகும். முயல் வைத்திருக்கும் யாரிடம் பேசினாலும் நான் முதலில் சொல்வது இந்த ஒரு பெயரைத்தான். கடைக்காரர் கொடுத்தார், விலை சரியாக இருந்தது என்று அடித்துவிடாதீர்கள். குளிப்பாட்டுவதும் அப்படித்தான். முயல் தன்னைத் தானே நக்கிச் சுத்தம் செய்துகொள்ளும் பிராணி. நனைந்தால் லேசில் காயாது, உடம்பு சில்லிட்டுப்போகும், பயத்திலேயே பாதி உயிர் போய்விடும்.

பக்கத்தில் இருந்த ஒரு கிளினிக்குக் கூட்டிப்போனேன். அங்கே பெரும்பாலும் நாய்தான் வரும் போலிருக்கிறது. கூடையிலிருந்து எள்ளுவை வெளியே எடுக்கவே இல்லை. எட்டிப் பார்த்துவிட்டு, "வைட்டமின் குறைவு" என்று சொட்டு மருந்தும் ஒரு களிம்பும் எழுதிக் கொடுத்தார்கள். பன்னிரண்டு நாள் தடவினேன். தடவிய விரலைத் துடைப்பதற்குள் பின்காலால் பிடரியைச் சொறிந்து அந்தக் காலை நக்கிவிடுவாள். பிறகுதான் தெரிந்தது, அந்தக் களிம்பில் ஸ்டீராய்டு இருந்தது. முயலுக்கு அது ஆகாது, நோயை எதிர்க்கும் சக்தியை இறக்கிவிடும். அந்தப் பன்னிரண்டு நாளை நினைத்தால் இன்றைக்கும் மனசு அடித்துக்கொள்கிறது.

இதற்கிடையில் என் முன்கையில் சின்னச் சின்னதாகச் சிவப்புத் தடிப்பு. ராத்திரியில் அரிக்கும். வெயில் ஏற ஆரம்பித்த நேரம், வேர்க்குரு என்று அம்மா சந்தனம் அரைத்துக் கொடுத்தாள். ஒரு நாள் எள்ளுவைத் தூக்கும்போதுதான் கவனித்தேன். அவள் முதுகு என் கையில் எங்கே படுகிறதோ, சரியாக அங்கே மட்டும் தடிப்பு. வலது கையில் ஒன்றுகூட இல்லை. நான் எப்போதும் அவளை இடது கையில்தான் அணைத்துப் பிடிப்பேன்.

மறுநாள் காலையில் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கிளம்பினோம். கூடைமேல் பழைய பருத்திப் புடவையை இரண்டாக மடித்துப் போட்டு மூடினேன். நாய்க் கூட்டத்துக்கு நடுவில் காத்திருக்க வேண்டும், முயலுக்கு அந்த வாசனையே போதும் நடுங்குவதற்கு. கூடைக்குள் அருகம்புல்லும் அவள் தினமும் படுக்கும் துணியும். வயிறு காலியாகக் கூட்டிப்போகக் கூடாது. முயல் வாந்தி எடுக்காது, அதனால் அதைப் பட்டினி போட வேண்டிய தேவையே இல்லை, போட்டால் குடல் ஓட்டம் நின்றுபோகும்.

பார்த்த டாக்டரம்மா நிதானமானவர். முயலைத் தொடுவதற்கு முன் என்னிடம் நிறையக் கேட்டார். "முதல்ல எங்க கொட்டுச்சும்மா? சொறியுறாளா? வேற முயல் கூட இருக்கா? என்ன தின்னுறா? உங்களுக்கு எங்கயாவது அரிக்குதா?" கடைசிக் கேள்விக்கு நான் கையை நீட்டினேன். அவர் தலையசைத்துவிட்டு, நாணயம் வைத்து எடுத்த படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார்.

அப்புறம் ஒரு துண்டு செலோடேப்பை எடுத்து, முடியை விலக்கிச் செதில் இருந்த இடத்தில் ஒட்டி ஒட்டி எடுத்தார். பிளேடால் லேசாகத் தோலைச் சுரண்டி இன்னொரு கண்ணாடித் துண்டில் வைத்தார். ஓரத்தில் இருந்த நாலைந்து முடியைப் பிடுங்கித் தனியாக வைத்தார். முடியின் நுனி கத்தரித்த மாதிரி இருந்தால் யாரோ கடித்திருக்கிறார்கள் என்று அர்த்தமாம், அவளேயோ கூட இருக்கும் முயலோ. எள்ளுவின் முடி முழுசாக இருந்தது. படர்தாமரையாக இருந்தால் பெரும்பாலும் முகம், காது, பாதத்தில் தொடங்கும், பொருக்குக் கட்டும். அதுவும் மனிதருக்கு ஒட்டும் என்பதால் முடியைப் பூஞ்சைப் பரிசோதனைக்கு அனுப்பினார். முடிவு வர இரண்டு வாரத்துக்குமேல் ஆனது, பூஞ்சை இல்லை.

சுரண்டியதில் ஒன்றும் கிடைக்கவில்லை. டேப்பில் கிடைத்தது. "வந்து பாருங்க" என்று என்னை நுண்ணோக்கிக்குக் கூப்பிட்டார். எட்டுக் கால், வாய்க்குப் பக்கத்தில் இரண்டு கொக்கி. ஒன்று இன்னும் காலை அசைத்துக்கொண்டிருந்தது. செய்லெட்டியெல்லா என்று பெயர். அரை மில்லிமீட்டர்கூட இராத சிலந்திப் பேன். தோலுக்குள் குடையாது, மேலேயே செதிலுக்கு நடுவில் வாழும், அதனால்தான் ஆழமாகச் சுரண்டினால் சில நேரம் தப்பிவிடுகிறது. செதிலைத் தூக்கிக்கொண்டு நகரும் என்பதால் இதை நடமாடும் பொடுகு என்று சொல்கிறார்கள். வீட்டுக்கு வந்ததும் கறுப்புச் சார்ட் அட்டையை விரித்து அதன்மேல் எள்ளுவைச் சீவிப் பார்த்தோம். நானும் மகனும் மூச்சைப் பிடித்துக்கொண்டு டார்ச் அடித்தோம். கொட்டிய தூள் முதலில் சும்மா கிடந்தது. ஒரு நிமிஷம் கழித்து அதில் ஒரு புள்ளி மெதுவாகக் கிளம்பி அட்டையின் ஓரத்தைப் பார்த்துப் போனது.

மருந்து இவர்மெக்டின் ஊசி, தோலுக்கடியில். இரண்டு வாரத்துக்கு ஒன்றாக மூன்று தடவை. முடியில் ஒட்டியிருக்கும் முட்டையை ஊசி கொல்லாது, பொரித்து வருவதைப் பிடிக்கத்தான் மறு ஊசிகள். அளவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். முயல் பண்ணை வைத்திருப்பவர்கள் பலர் மாட்டுக்கு வாங்கிய பாட்டிலிலிருந்தே எடுத்துப் போட்டுவிடுகிறார்கள். அதில் ஒரு மில்லிக்கு 10 மில்லிகிராம் மருந்து இருக்கிறது. எள்ளு அன்று 2.4 கிலோ, அவளுக்குப் போன அளவு ஒரு மில்லியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டவில்லை. இன்சுலின் சிரிஞ்சில் கண்ணை இடுக்கி அளந்தார். எடை போடாமல், கைக்கணக்கில் செய்கிற காரியமே இல்லை.

கிளம்பும்போது அவர் சொன்னதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. "நிறைய முயல்ல இந்தப் பேன் கொஞ்சம் இருக்கும்மா. நக்கிச் சுத்தம் பண்ணிக்கிற முயலுக்கு ஒண்ணும் செய்யாது. இவளால ஏன் முடியலன்னு பாருங்க." கருவியை வாய்க்குள் விட்டுக் கடைவாய்ப் பல்லைப் பார்த்தார், பல்லில் குறையில்லை. முதுகெலும்பைத் தடவிப் பார்த்தார். "இவ உடம்புவாகுக்கு ரெண்டு கிலோ போதும். குண்டா இருக்கா, திரும்பினா நாக்கு எட்டல." என்ன போடுகிறேன் என்று கேட்டார். தினமும் குதிரை மசால் தீவனத் தழை ஒரு கட்டு, கேரட், சாயங்காலம் அம்மா கொடுக்கும் ரஸ்க். குதிரை மசால் வளரும் குட்டிக்குத்தான் நல்லது, வளர்ந்த முயலுக்குச் சத்தும் சுண்ணாம்பும் அதிகம். அன்றிலிருந்து அருகம்புல், காய்ந்த டிமோதிப் புல், கைப்பிடி கொத்தமல்லித் தழை. ரஸ்க் நின்றதில் அம்மாவுக்குத்தான் வருத்தம். "வாயில்லா ஜீவன், ஆசையா வந்து நிக்குது" என்று ஒரு வாரம் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

அன்று வீட்டுக்கு வந்து எள்ளு மதியம் முழுக்க வாயில் எதையும் வைக்கவில்லை. அரை நாள் தின்னாமல் இருந்தால் உடனே கூப்பிடச் சொல்லியிருந்தார்கள். புழுக்கைத் தட்டை மணிக்கொரு தடவை எட்டிப் பார்த்தேன். ஏழு மணிக்கு இருட்டில் கொத்தமல்லிக் காம்பு நறுக்கென்று ஒடிகிற சத்தம் கேட்டது. அதற்கப்புறம்தான் நான் சாப்பிட உட்கார்ந்தேன்.

வீட்டைச் சுத்தம் செய்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பேன் முயலை விட்டுக் கீழே விழுந்தாலும் பத்து நாள்வரை தாக்குப்பிடிக்கும். அவள் படுத்த சாக்கைக் கட்டித் தூக்கிப் போட்டோம். துணிகளைக் கொதிநீரில் அலசினோம். மரப்பெட்டியை மொட்டை மாடி வெயிலில் கிடத்தினோம். தரையில் செய்தித்தாள் மட்டும், தினமும் மாற்றினேன். வாரம் இரண்டு தடவை வேக்குவம். என் கைத் தடிப்புக்குத் தனி மருந்து எதுவும் வேண்டியிருக்கவில்லை, மூன்று வாரத்தில் தானாக மறைந்தது.

இரண்டாவது ஊசி போட்டு ஆறாம் நாள். பிடரியில் மெத்தென்று முளைவிட்டு நாங்கள் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்த நேரம். காலையில் அறையைத் திறந்தால் எள்ளுவின் நெஞ்சும் தாடைக்குக் கீழ் மடிப்பும் மொட்டையாக இருந்தன. ஒரே ராத்திரியில். ஊசி வேலை செய்யவில்லை, உடம்பு முழுக்கப் பரவிவிட்டது என்று எனக்குக் கை கால் ஓடவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு கூடையைத் தேடினேன். மகன்தான், "அம்மா, அவளைப் பாரு" என்றான்.

அவள் வாயில் முடிக்கற்றை ஒன்றை முறுக்கு மீசை மாதிரி இரண்டு பக்கமும் தொங்கவிட்டுக்கொண்டு மூலைக்கு ஓடினாள். அங்கே பெட்டிக்குப் பின்னால் புல்லும் கிழித்த செய்தித்தாளும் சேர்த்துக் குவித்திருந்தாள். அதன்மேல் முடியை வைத்து முகவாயால் அழுத்தி அழுத்திப் பரப்பினாள். திரும்பி உட்கார்ந்து நெஞ்சிலிருந்து இன்னொரு வாய் பிடுங்கினாள். நான் பக்கத்தில் போனதும் முன்காலால் தரையை அறைந்து உறுமினாள். இரண்டரை வருஷத்தில் அவள் என்னிடம் உறுமியது அதுதான் முதல் தடவை.

செருப்பைக் கழற்றிவிட்டு அவளைப் பிடித்து நெஞ்சைப் பார்த்தேன். தோல் சுத்தமாக இருந்தது. செதில் இல்லை, சிவப்பு இல்லை. டாக்டரம்மாவுக்குப் படம் அனுப்பிப் பேசினேன். "பொய்ச்சினைம்மா. கூட்டிட்டு வர வேண்டாம். கூட்டைக் கலைக்காதீங்க, கலைச்சா மறுபடி பிடுங்குவா." ஆண் முயல் பக்கத்திலேயே இல்லாமல்கூடப் பெண் முயலுக்கு இது வரும். சினை முட்டை தானாக மாதாமாதம் வெளியாகும் உடம்பு இல்லை அது. ஏதாவது ஒரு தூண்டுதலில் வெளியாகிவிட்டால் குட்டி இருப்பதாகவே உடம்பு நம்பிக்கொள்ளும். உண்மைச் சினை என்றால் ஒரு மாதம், இது பதினாறு பதினெட்டு நாளில் முடிந்துவிடும். இறக்கிவிட்டதும் எள்ளு நேராக அந்தக் கூட்டுக்கு முன்னால் போய்க் காவலுக்கு உட்கார்ந்துகொண்டாள். உள்ளே ஒன்றும் இல்லை என்று அவளுக்கு எப்படிச் சொல்வது? மகன் தட்டைக் கூட்டுக்குப் பக்கத்திலேயே கொண்டுபோய் வைத்தான். நாலைந்து நாள் கழித்து அவளே அதன்மேல் ஏறி மிதித்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனாள். அன்றைக்குத்தான் கூட்டிப் பெருக்கினேன்.

மூன்றாவது ஊசிக்குப் போனபோது கருத்தடை அறுவையைப் பற்றிப் பேசினோம். பொய்ச்சினைக்காக மட்டும் அல்ல. கருப்பை எடுக்காத பெண் முயல்களுக்கு வயது ஏற ஏற அங்கே புற்று வருவது சாதாரணமாக நடக்கிறது. எடை 2 கிலோவுக்கு வந்த பிறகு மயக்க மருந்து கொடுப்பது பாதுகாப்பு என்றார். இப்போது 2.15. ஞாயிற்றுக்கிழமைதோறும் சமையலறைத் தராசில் கூடையோடு நிறுத்திக் கூடையைக் கழித்துக் குறித்து வருகிறோம்.

பிடரியில் முடி முழுசாக வந்துவிட்டது, சுற்றியிருப்பதைவிட ஒரு சாயல் கறுப்பாக. நேற்றுச் சீவும்போது மகன் பழக்கத்தில் அதே ஐந்து ரூபாயை எடுத்து வந்து வைத்தான். எள்ளு தலையை உதறினாள். காசு முடிக்குள் நழுவி, கொஞ்ச நேரம் தேடித்தான் எடுத்தோம்.