மூன்று மொழியில் ஒரு வீடு

லக்சம்பர்க் வந்து நான்கு மாதம் ஆகிறது. ஓ-பேர் என்றால் என்ன வேலை என்று நிறையப் பேர் கேட்கிறீர்கள். ஒரு குடும்பத்தோடு தங்கி, அவர்கள் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு, அந்த ஊர் மொழியையும் கற்றுக்கொள்வதுதான். இங்கே சட்டப்படி சராசரியாக வாரத்துக்கு 25 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. தனி அறை, சாப்பாடு, கைச்செலவுப் பணம் தர வேண்டும், மொழி வகுப்புக்கும் நேரம் விட வேண்டும்.

ஆனால் எனக்கு உண்மையான வகுப்பு வீட்டில்தான். பிள்ளைகள் அப்பாவிடம் லக்சம்பர்கிஷ், அம்மாவிடம் பிரெஞ்சு, என்னிடம் எல்லாம் கலந்து. பெரியவனுக்கு ஏழு வயது, பள்ளியில் ஜெர்மனில் எழுதப் படிக்கிறான். அவன் விரல் வைத்து வாசிக்க வாசிக்க நானும் பின்னாலேயே வாசிப்பேன். சில எழுத்துகள் என் நாக்கில் வரவே வராது. "உதட்டைக் குவிச்சுக்கோ, உள்ளே 'ஈ'ன்னு சொல்லு" என்று அவன்தான் காட்டிக்கொடுத்தான். நான் சரியாகச் சொல்லும்வரை என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். எவ்வளவு பொறுமை அந்தப் பிள்ளைக்கு!

2020 மார்ச்சிலிருந்து இங்கே பஸ், டிராம் எல்லாம் இலவசம். ஓய்வு கிடைத்தால் டிராமில் சும்மா உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொள்வேன், போர்த்துகீசியம்கூட நிறையக் கேட்கும்.

ராத்திரியானால் தலை கனத்துவிடும். தமிழில் நாலு வார்த்தை பேச மாட்டோமா என்று ஏக்கமாக இருக்கும். நேற்று தூங்கப் போகும்போது சின்னவள் கதவோரம் நின்று, "அக்கா, வா" என்றாள். நான் சொல்லிக்கொடுக்கவில்லை. போனில் என் தம்பி கூப்பிடுவதைக் கேட்டுப் பிடித்துக்கொண்டிருக்கிறாள்.