இத்தாலியின் போலோன்யா: ஒரு டாக்சி, ஒரு தட்டு பாஸ்தா, எலிசபெட்டா சிரானி

ரயில் நிலையத்திலிருந்து விடுதிக்கு நடந்தே போய்விடலாம், அந்தத் தூரத்துக்கு டாக்சிக்காரர் 30 யூரோ வாங்கிவிட்டார், வயிறு இன்னும் எரிகிறது. போகிறவர்கள் தயவுசெய்து நடங்கள். ஊர் முழுக்கத் தூண் வைத்த கூரை நடைபாதைகள், கொட்டுகிற மழையிலும் நனையாமல் போகலாம்.

வயிற்றெரிச்சலை ஆற்றியது மதியச் சாப்பாடு. பல்கலைக்கழகத் தெருவில் ஒரு சின்னக் கடை, முட்டை சேர்த்துப் பிசைந்த தாலியத்தெல்லே பாஸ்தாவின் மேல் நெடுநேரம் வெந்த இறைச்சிக் குழம்பு. டாக்சிக்குக் கொடுத்ததில் பாதிகூட ஆகவில்லை!

சரி, வந்த காரியம். பினாகோதெகா அருங்காட்சியகத்தில் லாவினியா ஃபொன்டானா 1584இல் வரைந்த கொட்ஸாதினி குடும்ப ஓவியம் இருக்கிறது. வரையச் சொன்னதும் ஒரு பெண்தான், அந்தக் குடும்பத்து லாவ்தோமியா. சரிகை, நகை ஒவ்வொன்றையும் லாவினியா எப்படி இழைத்திருக்கிறார்! பதினொரு பிள்ளை பெற்றவர், கணவரும் ஓவியர், ஆனாலும் குடும்பம் ஓடியது இவர் சம்பாத்தியத்தில்.

நான் தேடிப் போனது ஓவியர் எலிசபெட்டா சிரானியை. அப்பாவுக்கு மூட்டு வாதம் வந்து கை முடங்க, இளவயதிலேயே அவருடைய ஓவியப் பட்டறை இவர் தலையில். 1665இல் 27 வயதில் இறப்பதற்குள் சுமார் 200 ஓவியங்கள், கூடவே பெண்களுக்கு ஓவியப் பயிற்சி. இவ்வளவையும் ஒரு பெண் வரைந்திருக்க முடியுமா என்று ஊர் சந்தேகப்பட்டதால், வந்தவர்கள் கண்ணெதிரிலேயே வரைந்து காட்டினார், ஓவியங்களில் கையெழுத்தும் போட்டார். திடீரென்று இறந்ததும் வேலைக்காரப் பெண் விஷம் வைத்தாள் என்று வழக்கே நடந்தது. உடலை அறுத்துப் பார்த்தவர்கள் கண்டது வயிற்றுப் புண்ணை.

சான் தொமேனிகோ தேவாலயத்தில் புகழ்பெற்ற ஓவியர் குவிதோ ரேனியோடு ஒரே கல்லறையில் இவரை வைத்திருக்கிறார்கள். இவரைப் 'பெண் ரேனி' என்றும் சொல்லிவிடுகிறார்கள், எனக்குக் கோபமாக வருகிறது. ரேனி இறந்தது 1642இல், அப்போது இவருக்கு நாலு வயது. ரேனியிடம் வேலை பார்த்தவர் அப்பா. மகள் வரைந்ததற்கு மகள் பெயரையே சொன்னால் என்ன?

தேவாலயத்துக்குள் போகக் கட்டணம் இல்லை. கூட்டமெல்லாம் மைக்கேலாஞ்சலோவின் குட்டி தேவதைச் சிலைக்குத்தான், நீங்கள் நேராக அந்தக் கல்லறை இருக்கும் ஜெபமாலை மாதா சிற்றாலயத்துக்குப் போங்கள். பினாகோதெகாவுக்குத் திங்கட்கிழமை விடுமுறை.